காராஷோக்கில் அணைந்த ஹீட்டர்

வடக்கு நோர்வேயில் ஆல்டா நகரைத் தாண்டினால் சென்னாலாண்ட் என்றொரு மேட்டுநிலம் வருகிறது. மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. ஈ6 நெடுஞ்சாலை அந்த வெட்டவெளியைக் கடந்துதான் கிழக்கே போகிறது. காற்று கிளம்பித் தரையில் கிடக்கும் பனியை அள்ளி வீசத் தொடங்கினால் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கம்பம் இறங்கிவிடும். பிறகு பனி வாரும் லாரி வந்து முன்னால் செல்ல, மற்ற வண்டிகள் விலகாமல் அதைத் தொடர வேண்டும். லாரி அரை மணியிலும் வரலாம், அரை நாள் கழித்தும் வரலாம். எல்லாம் காற்றைப் பொறுத்தது. அதனால் இந்தச் சாலைகளில் குளிர்காலத்தில் போகிறவர்கள் டேங்க் நிறைய டீசலும் கனத்த உடுப்பும் சாப்பாடும் வைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் அந்தக் கம்பத்தின் முன்னால் நாங்கள் நின்றிருந்தோம். நானும், ட்ரோம்சோவில் மீன்பிடிக் கப்பல்களின் என்ஜின்களைப் பழுது பார்க்கும் நண்பன் ஒருவனும். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, நோர்வேயின் கிழக்குக் கோடியில் இருக்கும் வார்டோவில் வளர்ந்தவன். எனக்கு அவன் ‘தம்பி’, அவனுக்கு நான் ‘அண்ணை’. அவன் வளர்ந்த ஊரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அவன் பழையதாக வாங்கிய வேனுக்குள் இரண்டு படுக்கை, ஒரு சிறு அடுப்பு, பயணி இருக்கைக்கு அடியில் டீசலில் எரியும் ஹீட்டர். வரிசையில் காத்திருந்தபோதுதான் அது முதல்முறையாக நின்றது.

தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சாதனத்தைப் பார்க்க வாய்ப்பு குறைவு. ஏறக்குறைய ஒரு ஷூ பெட்டி அளவுதான் இருக்கும். என்ஜின் ஓட வேண்டியதில்லை. வண்டியின் டேங்கிலிருந்தே மெல்லிய குழாயில் டீசலை எடுத்து, ஒரு சிறு எரியறைக்குள் எரிக்கிறது. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து ஒரு குழாய் வழியே வந்து, புகையாக இன்னொரு குழாய் வழியே வெளியே போய்விடும். வண்டிக்குள் சுற்றும் காற்று தனி. அது எரியறையைச் சூழ்ந்த அலுமினிய உறையைத் தொட்டுச் சூடாகித் திரும்புகிறதே தவிர, நெருப்போடு கலப்பதில்லை. இரண்டு கிலோவாட் அளவுள்ள ஹீட்டர் மணிக்கு ஏறக்குறைய 100 மில்லி முதல் 280 மில்லி வரை டீசல் குடிக்கும். ஓர் இரவுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். இவ்வளவு குறைந்த செலவில் கடுங்குளிரில் ஒரு மனிதனை உயிரோடு வைத்திருக்கும் பொருள் என்பதால் எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

அன்று நின்றதற்குக் காரணம் எளிதில் தெரிந்தது. தம்பி இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தான். காற்று இழுக்கும் குழாயின் வாயில் பனித்தூள் அடைத்து இறுகியிருந்தது. கையுறையைக் கழற்றி விரலால் தோண்டி எடுத்தான். ஹீட்டர் மறுபடி எரிந்தது. லாரியும் வந்தது. நாங்கள் மேட்டைக் கடந்து ஸ்கைடிக்கு இறங்கினோம். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இருவருமே எண்ணினோம்.

ஓல்டர்ஃபியோர்டில் நார்த் கேப் முனைக்குப் போகும் சாலை இடப்பக்கம் பிரிகிறது. நாங்கள் போர்சாங்கர் ஃபியோர்டின் கரையோடு தெற்கே லாக்செல்வுக்கும், அங்கிருந்து உள்நாட்டுக்கும் திரும்பினோம். கடலை விட்டு விலகியதுமே குளிரின் தன்மை மாறுவதை உடம்பு உணர்ந்துகொள்கிறது. கரையோரத்தில் வெப்பக் கடலோட்டம் தரும் இதம் இருக்கிறது. மைனஸ் ஐந்து, ஆறு என்று தாங்கும்படி இருக்கும். உள்ளே காராஷோக் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழே படிந்து அசையாமல் கிடக்கும். நோர்வேயில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இந்த ஊரில்தான்: 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி. சாமி இன மக்களின் நாடாளுமன்றம் அமைந்திருக்கும் ஊரும் இதுவே. அவர்களுடைய கூம்புக் கூடாரத்தின் வடிவில் அதைக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். மைதானத்துச் சொந்தக்காரர் முதியவர், சாமி இனத்தவர். வெப்பமானி மைனஸ் 31 என்று காட்டியது.

ஹீட்டர் ஒழுங்காகத்தான் பிடித்தது. வேன் கதகதப்பானது. சோறு வடித்து, டின் மீனைக் குழம்பாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். கண் அயர்கிற நேரத்தில் விசிறியின் ஓசை திடீரென்று உயர்ந்தது, சில நிமிடம் அப்படியே ஓடி அடங்கியது. கன்ட்ரோலரில் சிவப்பு எழுத்து. நான் எழுந்து சுவிட்சைத் தேடினேன்.

“தொடாதையுங்கோ அண்ணை,” என்றான் தம்பி, போர்வைக்குள்ளிருந்தே. “எந்தக் கட்டத்திலை நிக்குதெண்டு முதலிலை கேப்பம்.”

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ஹீட்டர் நின்றால் எல்லோரும் செய்வது மறுபடி மறுபடி சுவிட்சை அழுத்துவது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எரியறைக்குள் டீசல் சொட்டுகிறது. பற்றாவிட்டால் அது அங்கேயே தேங்குகிறது. பிறகு எப்போதாவது பற்றும்போது தேங்கியதெல்லாம் சேர்ந்து எரிந்து, வெள்ளைப் புகை குமுறி, உள்ளே கரி அப்பிவிடும். இதைத் தடுக்கத்தான், சில முயற்சிகள் அடுத்தடுத்துத் தோற்றால் கன்ட்ரோலர் தன்னையே பூட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். நிற்பது என்பது ஹீட்டர் நமக்குச் செய்யும் காவல். அதை மீறி எரிய வைப்பதில் ஒன்றும் சாமர்த்தியம் இல்லை. ஏன் நின்றது என்பதை அதன் ஓசையே சொல்லிவிடும், கேட்கப் பொறுமை இருந்தால்.

ஓசைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விசிறி மெதுவாகச் சுழலும். அதே நேரத்தில் குளோ பிளக் பழுக்கக் காயும். அந்த ஒரு நிமிடத்தில்தான் பேட்டரியிலிருந்து எட்டு முதல் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். அடுத்து வண்டிக்கு அடியிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று டோசிங் பம்ப் துடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு டிக்குக்கும் அளந்த ஒரு துளி டீசல். பிறகு சுடர் பிடிக்கும் மெல்லிய உறுமல். சென்சார் சூட்டை உணர்ந்ததும் குளோ பிளக் அணைந்துவிடும், மின்சாரச் செலவு ஓரிரு ஆம்பியருக்கு இறங்கிவிடும், விசிறியும் டிக்கும் வேகமெடுக்கும். விசிறி சுழன்று, டிக் கேட்காமலே நின்றால் ஒரு காரணம். டிக் கேட்டும் உறுமல் வராவிட்டால் வேறு காரணம். உறுமி எரிந்து, பிறகு செத்தால் முற்றிலும் வேறு.

விசிறி குளிர்ந்து நின்ற பிறகு ஒருமுறை மட்டும் போட்டான். இருவரும் இருட்டில் உட்கார்ந்து கேட்டோம். விசிறி, டிக், உறுமல், எல்லாம் வரிசை தவறாமல் வந்தன. ஐந்தாறு நிமிடத்தில் உறுமல் மெலிந்தது. டிக் மட்டும் தொடர்ந்தது. பிறகு அதுவும் நின்று விசிறி உயர்ந்தது.

“தீ பிடிக்குது, பிறகுதான் சாகுது. அப்ப கரண்டிலை பிழை இல்லை,” என்றான். இருந்தாலும் சந்தேகத்தை மிச்சம் வைக்கக் கூடாது என்று மல்டிமீட்டரை எடுத்தான். இங்கே பலர் ஏமாறுவது, பேட்டரியின் முனையில் அளந்து பார்த்து ‘12.5 இருக்கிறதே’ என்று திருப்திப்படுவதில்தான். அளக்க வேண்டிய இடம் ஹீட்டரின் பிளக். அளக்க வேண்டிய நேரம் குளோ பிளக் காயும் நேரம். வயர் மெல்லியதாகவோ ஃபியூஸ் தாங்கியில் களிம்பேறியோ இருந்தால், பேட்டரியில் இருக்கும் வோல்டேஜ் வழியிலேயே தேய்ந்துவிடும். ஹீட்டரிடம் 10.5-க்குக் கீழே போனால் அது தானாக நின்றுவிடும். ஈய பேட்டரியின் கொள்ளளவு மைனஸ் 20-இல் பாதியளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால், சென்னையில் ஒருபோதும் காட்டாத குறையை அது காராஷோக்கில் காட்டும். எங்கள் ஹீட்டரின் பிளக்கில் 11.6 இருந்தது. அது போதும்.

அடுத்தது டீசல். குளிரில் டீசலுக்குள் மெழுகு திரளும், வடிகட்டியை அடைக்கும். என்ஜினுக்குப் போகும் டீசலாவது ஓடும்போது சூடாகித் திரும்பும் எண்ணெயால் கொஞ்சம் இளகும். ஹீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய் வண்டியின் அடிவயிற்றில் திறந்தவெளிக் குளிரில் கிடக்கிறது. இந்தியாவில் இந்தக் கவலை உள்ளவர்கள் லடாக்கிலும் ஸ்பிதியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. லடாக்கில் ஹீட்டரை அணைக்கும் இன்னொரு எதிரியும் உண்டு. அது உயரம். பம்ப் ஒரு டிக்குக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து ஊற்றுகிறது. காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது. 1500 மீட்டருக்கு மேல் நீண்ட நேரம் எரித்தால் டீசல் மிகுந்து, காற்று குறைந்து, கரி கட்டும். உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி இல்லாத ஹீட்டரை நம்பி, லடாக் போகும் வழியில் உயரத்தில் இருக்கும் சர்ச்சுவில் இரவு தங்குவது எனக்குச் சம்மதமில்லை.

காராஷோக்கில் உயரம் பிரச்சினையில்லை. டீசலும் ஆல்டாவில் நிரப்பியது. வடக்கில் குளிர்காலத்தில் குளிருக்கான டீசலைத்தான் விற்கிறார்கள். தம்பி தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். மங்கிய வெள்ளைக் குழாய்க்குள் மெழுகின் வெண்மை தெரியவில்லை. ஆனால் சிறு சிறு காற்றுக் குமிழ்கள் ஊர்ந்து போவதைக் கண்டான். பம்பைப் படுக்கைவாட்டில் பொருத்தியிருந்தார்கள். வெளிவாய் மேல்நோக்கி இருக்கும்படி அதைச் சாய்த்து வைக்க வேண்டும், அப்போதுதான் குமிழ் தேங்காமல் கடந்துபோகும். இது ஒரு குறைதான். ஆனால் ஓரிரு குமிழால் சுடர் தடுமாறும், இப்படி ஒழுங்காக மெலிந்து சாகாது என்றான்.

மிச்சம் இருந்தது புகைக்குழாய். மறுபடி ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டு அதன் வாயருகே உள்ளங்கையை வைத்தான். நன்றாக எரியும் ஹீட்டரின் புகை கையை எடுக்க வைக்கும் சூட்டில் அடிக்க வேண்டும். வந்ததோ வெதுவெதுப்பான ஒரு கசிவு.

“இதுக்கு மூச்சு விட வழியில்லை அண்ணை.”

வண்டியை முன்பு வைத்திருந்தவர், புகை பின்னால் போகட்டும் என்று நினைத்து, குழாயைத் தேவைக்கு மேல் நீட்டிப் பின்பக்கம் வரை கொண்டுபோயிருந்தார். நடுவில் ஒரு கிளாம்ப் விட்டுப்போய் குழாய் தொய்ந்து தொட்டிலாகியிருந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. குட்டைக் குழாயில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். நீண்ட குழாயில், அதுவும் சுடர் தணிந்து எரியும்போது, பாதி வழியிலேயே குளிர்ந்து துளியாகி வடிகிறது. கடற்கரை ஊர்களில் இரவெல்லாம் குறைந்த சூட்டில் எரித்தபோது வடிந்த நீர் அந்தத் தொய்வில் சேர்ந்து நின்றிருக்கிறது. மைனஸ் 31-இல் அது கல்லாகிவிட்டது. விளிம்பில் மிஞ்சிய சிறு இடுக்கு வழியாகத்தான் ஹீட்டர் புகை விட்டுக்கொண்டிருந்தது. சுடர் பெரிதாகி அதிகக் காற்று வேண்டிய நேரத்தில், புகைபோக்கி அடைத்த விறகடுப்பு மாதிரி திணறி அணைந்தது.

மைதானத்தில் மின்சாரக் கம்பம் இருந்தது. வடக்கில் பல இடங்களில் வண்டி நிறுத்தும் இடத்திலேயே என்ஜினைச் சூடாக்க மின்சார பிளக் வைத்திருப்பார்கள். முதியவரிடம் ஒரு மின்சார ஹீட்டரை இரவல் வாங்கி அந்த இரவைக் கழித்திருக்கலாம். அடுத்த இரவு டானா ஆற்றங்கரையில் எந்தக் கம்பமும் கிடைக்காமல் போகலாம் என்பதால் இருவரும் அதை விரும்பவில்லை. முதியவர் தன் கொட்டகையிலிருந்து சூடான காற்று வீசும் துப்பாக்கியையும் ட்ரில் மெஷினையும் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று கையசைத்தார். டீசல் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நியாயம்தான். தம்பி குழாயைக் கழற்றி எடுத்து, தொய்வைச் சுற்றி மெதுவாகச் சூடு காட்டினான். ஐஸ் நழுவி, கரி படிந்து கறுத்த ஒரு கட்டையாக வெளியே வந்து பனியில் விழுந்தது. என் கட்டைவிரல் பருமனும் ஒரு சாண் நீளமும் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பள்ளமாக உருகியிருந்தது. அந்தப் பள்ளம்தான் இத்தனை நேரமும் ஹீட்டருக்குக் கிடைத்த வழி.

குழாயின் நீட்டிய பகுதியை அறுத்து எறிந்தான். பாக்கியை வாய் நோக்கிச் சரியும்படி கிளாம்ப் போட்டு இறுக்கினான். தவிர்க்க முடியாமல் மிஞ்சிய ஒரு தாழ்ந்த இடத்தில், ஐந்து மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டான். நீர் வடிய அப்படி ஒரு துளை வேண்டும் என்று ஹீட்டர் செய்பவர்களின் கையேடுகளே சொல்கின்றன. துளை போட்ட பின் குழாய் வண்டியின் தரைக்கு அடியிலேயே புகை விட்டுவிடாதபடி, வாய் பக்கவாட்டில் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கிறதா என்றும் பார்த்தான். இதில் சமரசம் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கைத் தலைமாட்டில் அதற்கான அலாரம் இல்லாத வண்டியில், டீசல் ஹீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் படுக்க மாட்டேன். பனி பெய்யும் இரவில் வண்டியைச் சுற்றிப் பனி உயர்ந்து குழாயின் வாயை மூடிவிடாமல், இடையில் எழுந்து பார்க்கவும் வேண்டும்.

ஹீட்டர் அன்றிரவு விடியும் வரை எரிந்தது.

ஆனால் அடைத்த குழாயோடு எரிந்த நாட்களின் கரி உள்ளே மிச்சம் இருக்கும் என்று தம்பிக்குத் தெரியும். டானா ஆற்றையொட்டிய நீண்ட சாலையில் ஹீட்டர் ஒவ்வொரு முறையும் பற்றத் தாமதித்தது, கறுப்புப் புகையோடு பற்றியது. வராங்கர் ஃபியோர்டின் கரையில் வாட்சோ நகரம். 1926-இல் அமுண்ட்சென் குழுவினர் ‘நோர்கே’ ஆகாயக் கப்பலில் வடதுருவத்துக்குப் போகும் வழியில் அதைக் கட்டி நிறுத்திய இரும்புக் கோபுரம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்த ஊரில் ஒரு பட்டறையில் இடம் கேட்டு ஹீட்டரைத் திறந்தான். எரியறையின் சுவரில் மேலே மென்மையாகவும் அடியில் ஓடாகவும் கரி. குளோ பிளக்கைச் சுற்றியிருக்கும் உலோக வலை கிட்டத்தட்ட மூடியே போயிருந்தது. டீசல் ஆவியாகிப் பரவ வேண்டிய இடமே அதுதான். கரியை மரக்குச்சியால் சுரண்டி, வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, வலையையும் காஸ்கெட்டையும் புதிதாகப் போட்டான். இரும்புக் கம்பியால் சுரண்டினால் அலுமினியம் கீறிவிடும் என்பதால்தான் மரக்குச்சி. மூடிய பின் முழுச் சூட்டில் அரை மணி நேரம் எரிய விட்டான். குறைந்த சூட்டிலேயே நாட்கணக்கில் ஓட்டாமல், அவ்வப்போது இப்படி முழுவேகத்தில் எரிய விட்டால் கரி தானாகவே எரிந்துபோகும். ஹீட்டருக்கு இதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது.

வார்டோ ஒரு தீவு. 1982-இல் திறந்த கடலடிச் சுரங்கம் வழியாக உள்ளே போனோம். நோர்வேயின் முதல் கடலடிச் சாலைச் சுரங்கம் அது. கிழக்கு மேற்கில் பார்த்தால் இந்த ஊர் இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறது. 1980களில் இலங்கைப் போரிலிருந்து வந்த தமிழர்கள் பலருக்கு ஃபின்மார்க் கரையோர ஊர்களின் மீன் ஆலைகளில்தான் வேலை கிடைத்தது. தம்பியின் அப்பா அப்படித்தான் இங்கே வந்து, ஆண்டுக்கணக்கில் காட் மீனைத் துண்டம் போட்டார். பெரும்பாலான குடும்பங்கள் பிறகு ஓஸ்லோவுக்குப் போய்விட்டன. துறைமுகத்தில் அவர் வேலை செய்த கட்டடத்தைத் தம்பி காட்டினான். இந்தக் காற்றில் நடந்து வேலைக்குப் போனவர்களை நினைக்கையில் எனக்கு மனம் கனத்தது. குளிரைப் பற்றி அப்பா குறைபட்டதே இல்லையாம். கை விறைத்தால் கத்தி நழுவும், அதைத்தான் பயந்தாராம்.

தம்பிக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. சிறுவயதில் கூடப் படித்த ஒருவனின் படகுக் கொட்டகையில் வேனை ஏற்றி, படுக்கைவாட்டில் இருந்த டோசிங் பம்பைக் கழற்றி, வெளிவாய் மேல்நோக்கும்படி சாய்த்துப் பொருத்தினான். குழாய்கள் சேரும் இடத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி இருந்ததால்தான் குமிழ் ஒதுங்கியிருக்கிறது. முனையோடு முனை முட்டும்படி தள்ளிக் கிளாம்பை இறுக்கினான். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் குழாய்க்குள் ஒரே ஒரு குமிழ் நகர்ந்து போனது, பிறகு எதுவும் இல்லை.

“இப்ப நிண்டால் புதுக் காரணம்தான் தேட வேணும்,” என்றபடி மல்டிமீட்டரைப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.